வாசகர் கேள்வி: கரிசாலைத் தைலம் ஏன் கெட்டுப்போகிறது?

கேள்வி: வாய்க்கால் கரையில் பறித்த கரிசலாங்கண்ணியை (கரிசாலையை) அரைத்து, தேங்காய் எண்ணெயில் காய்ச்சினேன். இருபது நாளில் சிக்கு வாடை, அடியில் பூசணம். எங்கே தவறு?
– வாசகி, மன்னார்குடி

பதில்: எண்ணெயில் நீர் தங்கிவிட்டது. பச்சை நிறம் இறங்கியதுமே அடுப்பை அணைத்திருப்பீர்கள்.

அரை லிட்டர் எண்ணெய்க்கு அரை லிட்டர் சாறு எடுங்கள். அலசிய செடியைத் துணியில் பரப்பி, மேலீரம் உலர்ந்தபின் அரைக்க வேண்டும். அரைபடாவிட்டால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம், ஆனால் அதுவும் சேர்ந்து வற்றியாக வேண்டும். சட்டியில் பாதிக்கு மேல் ஊற்றினால் பொங்கி வழியும். சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள்.

கடிகாரம் பார்த்து இறக்குகிற காரியமில்லை இது. அடியில் படியும் வண்டல் முதலில் சேறாகக் குழையும், பிறகு மெழுகாகத் திரளும், கடைசியில் விரலில் மணலாக நெருடும். தலைக்குத் தேய்க்க மணல் பதம்தான் சரி. வண்டலைத் துளி எடுத்துப் பஞ்சுத் திரியில் தடவிக் கொளுத்துங்கள். படபடவென்று வெடித்தால் நீர் இருக்கிறது. சத்தமில்லாமல் எரிந்தால் உடனே இறக்கி வடிகட்டிவிடுங்கள். தாமதித்தால், இறக்கிய சட்டியின் சூட்டிலேயே வண்டல் கருகி, தீய்ந்த வாடை ஏறிவிடும். நன்றாக ஆறியபின் ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி வியர்த்து, பட்ட பாடெல்லாம் வீண். மார்கழியில் உறைந்தால் பயப்படாதீர்கள், அது தேங்காய் எண்ணெயின் சுபாவம்.

பறிக்கிற இடமும் முக்கியம். நடவு முடிந்த மூன்று முதல் ஐந்து நாளுக்குள் வயலில் களைக்கொல்லி போடுவார்கள். குறுவை, சம்பா நட்ட கையோடு வரப்பில் கை வைக்காதீர்கள். செடி கரிசாலைதானா என்று சந்தேகமானால் இலையை உள்ளங்கையில் கசக்குங்கள். சற்று நேரத்தில் சாறு கறுத்தால் அது கரிசாலை. நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூ தூக்கி நிற்பது வெட்டுக்காயப் பூண்டு.

கேள்வி: பூங்காவில் தரையோடு படர்ந்து மஞ்சளாகப் பூப்பது மஞ்சள் கரிசலாங்கண்ணியா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பெரும்பாலும் இல்லை. அது அழகுக்காக வளர்க்கும் அமெரிக்கக் கொடி. இலை மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். நம்முடையதின் இலை நீளமாக, மடல் இல்லாமல் இருக்கும். பூங்காச் செடியைக் கீரைக்குப் பறிக்க வேண்டாம்.