சி.ஓ.3 புல்லை எத்தனை நாளைக்கு ஒருமுறை வெட்டுவது?

கேள்வி: ஐயா, அவிசாவளைப் பக்கம் 40 பேர்ச்சில் சி.ஓ.3 என்ற கலப்பின நேப்பியர் தீவனப் புல் நட்டிருக்கிறேன். கறவைப் பசு இரண்டு. புல் போதாமல் 25 நாளிலேயே வெட்டுகிறேன். முதலில் அடர்ந்து வந்த தூர்கள் இப்போது மெலிந்து, இடையில் களை ஏறிவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரர் மூன்று மாதம் விட்டு வெட்டச் சொல்கிறார். எது சரி?

பதில்: இரண்டுமே சரியில்லை. புல் போதாமல் போனதற்கு முக்கிய காரணம் அந்த 25 நாள்தான்.

வெட்டியதும் தூரில் இலை இருக்காது. அடித்தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தை எடுத்துத்தான் புதுக் குருத்து கிளம்புகிறது. அந்த நாட்களில் வேர் வளர்ச்சியும் ஏறக்குறைய நின்றுவிடும். இலை விரிந்து, தன் தேவைக்கு மிஞ்சி உணவு தயாரித்த பிறகே எடுத்த சேமிப்பு திரும்பும். சி.ஓ.3க்கு அதற்கு ஐந்தாறு வாரம் வேண்டும். அதற்குள் கத்தி வைத்தால் ஒவ்வொரு வெட்டிலும் கையிருப்பு குறைகிறது. தண்டு பென்சில் பருமனுக்கு இறங்கும், வேர் மேலோட்டமாக நிற்கும், வெயில் விழுந்த இடத்தில் களை முளைக்கும். இளம்புல்லில் தண்ணீர்தான் அதிகம். மாட்டுக்கு வயிறு நிறையும், சாணம் இளகும், உடம்பில் ஒட்டுவது கொஞ்சம்.

மூன்று மாதப் புல் குவியலாகத் தெரியும், அவ்வளவுதான். ஆறு வாரத்தில் உலர்பொருளில் (தண்ணீரைக் கழித்த எடையில்) 10 சதவீதத்தை ஒட்டியிருந்த புரதம் பாதியளவுக்கு இறங்கிவிடும். மாடு இலையைத் தின்றுவிட்டு முற்றிய தண்டைத் தொட்டியில் ஒதுக்கும்.

45 நாள் நடுவான கணக்கு. கலண்டரை மட்டும் நம்பாதீர்கள்: உங்கள் பக்கத்தில் மே, ஒக்டோபர் மழைக்கு 35–40 நாளிலேயே பதமாகும்; ஜனவரி, பெப்ரவரி வெயிலில் 55 நாள்கூட ஆகலாம். புல் இடுப்பளவைத் தாண்டி, அடியில் ஓரிரு இலைகளின் நுனி மஞ்சளாகத் தொடங்கும்போது வெட்டுங்கள். சந்தேகமென்றால் ஒரு தண்டை அடியில் நறுக்கிப் பாருங்கள். உள்ளே சாறுள்ள வெள்ளைச் சோறு (மென்மையான நடுப்பகுதி) இருந்தால் பதம். நார் நாராகப் பிரிந்தால் பிந்திவிட்டது.

நிலத்தை 5 பேர்ச் வீதம் எட்டுத் துண்டாகப் பிரியுங்கள். ஒரு துண்டு ஐந்தாறு நாளைக்கு ஓடினால் முதல் துண்டுக்குத் திரும்ப ஏறக்குறைய 44 நாள் ஆகிவிடும். 5 பேர்ச் என்பது சுமார் 126 சதுர மீட்டர். நன்றாகப் பராமரித்தால் சதுர மீட்டருக்கு 3 கிலோ பச்சைப்புல் கிடைக்கும், அதாவது துண்டுக்கு 380 கிலோ. பசுவுக்கு நாளைக்கு 35 கிலோ என்று வைத்தால் இரண்டுக்கும் ஐந்தரை நாளுக்குக் காணும். இதைவிடக் குறைந்தால் நாளைக் குறைக்காதீர்கள், உரத்தைப் பாருங்கள்.

தரையிலிருந்து 10–15 சென்ரிமீட்டர் விட்டு, கூரான மன்னாக் கத்தியால் ஒரே வீச்சில் வெட்டுங்கள். மழுங்கிய கத்தி தண்டைப் பிளந்துவிடும். பிளவில் தண்ணீர் நின்று தூர் அழுகும். தரையோடு வெட்டினால் அடிக்கணுவின் முளைகளும் போய்விடும். உயரமாக விட்டாலோ மேல்கணுவில் சோகையான கிளைகள்தான் வெடிக்கும்.

வெட்டி நாலைந்து நாளில், குருத்து தெரிந்ததும், ஈர மண்ணில் துண்டுக்கு ஒன்றரைக் கிலோ யூரியா போடுங்கள். அடைமழை நாளில் போட்டால் கரைந்து போய்விடும். புல் மண்ணிலிருந்து பொட்டாசியத்தையும் அள்ளிக்கொண்டு போகும். அதில் பெரும்பகுதி மாட்டு மூத்திரத்தில் வெளியேறுவதால், தொழுவம் கழுவும் தண்ணீரைக் கானில் விடாமல் புல்லுக்குத் திருப்புங்கள்.

இப்போதைக்கு மெலிந்த தூர்களை ஒருமுறை 60 நாள் வரை விட்டுப் பிடியுங்கள். களையைப் பிடுங்கி, செத்த இடங்களில் மூன்று கணுத் துண்டுகளை, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடுங்கள். அதுவரை தென்னந்தோட்டத்துக் கினியாப் புல்லோடு கிளிரிசீடியா இலையை, மொத்தத் தீனியில் கால்பங்குக்கு மேற்படாமல், வாட்டிக் கொடுக்கலாம். வெள்ளம் தேங்கும் மூலை இருந்தால் அங்கே சி.ஓ.3 நிற்காது; தண்ணீர்ப்புல் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: நீண்ட வெயிலுக்குப் பின் முதல் மழையில் சடுதியாகத் துளிர்த்த புல்லை, அதிலும் யூரியா போட்டதை, உடனே வெட்டிப் போடாதீர்கள். மாட்டுக்கு நஞ்சாகும் நைத்திரேற்று உப்பு அதில் ஏறியிருக்கும். மாடு வேகமாக மூச்சு வாங்கித் தள்ளாடினால், ஈறு பழுப்பு நிறமானால், தீனியை நிறுத்திவிட்டு உடனே மிருக வைத்தியரை அழையுங்கள்.