675 என்பது லிட்டர் அல்ல

தண்ணீரால் குளிரூட்டும் உங்கள் கணினியில் ஃப்ளோ மீட்டர் (தண்ணீர் ஓட்டத்தை அளக்கும் கருவி) பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், 675 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 675 சுற்று) காட்டுகிறது, ஐடிலில் (கணினி வேலையின்றி இருக்கும்போது) பூஜ்யமாகிறது, தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். பம்பைக் கழற்றாதீர்கள் நண்பரே, முதலில் கணக்கைப் பாருங்கள். ஃப்ளோ மீட்டரை ஃபேன் பின்னில் செருகினால் மதர்போர்டு அதையும் ஃபேன் என்றே நினைத்து, இரண்டு பல்ஸுக்கு (மின் துடிப்புக்கு) ஒரு சுற்று என எண்ணும். ஆகவே ஆர்பிஎம்மை 120ஆல் பெருக்கி, லிட்டருக்கு எத்தனை பல்ஸோ அதனால் வகுக்க வேண்டும். உங்கள் மீட்டரான வொய்எஃப்-எஸ்201க்கு அது 450. அப்படியானால் மணிக்கு 180 லிட்டர், தாராளமாகப் போதும்.

அந்த மீட்டர் நிமிடத்துக்கு 1 லிட்டருக்குக் கீழே நம்பகமாக அளக்காது. தண்ணீர் ஓடினாலும் உள்ளே சக்கரம் நின்றுவிடும். ஐடிலில் பம்ப் வேகம் இறங்குவதால்தான் பூஜ்யம் வருகிறது என்று நினைக்கிறேன். பம்பை ஒரே வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதும் எண் குதித்தால் உள்ளே காற்றுக்குமிழ்தான்: கேஸைச் சாய்த்து, பம்ப் வேகத்தை ஏற்றி இறக்கி அதை வெளியேற்றுங்கள்.

ஓட்டம் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தால் மட்டும் கவலைப்படுங்கள். மென்மையான பிவிசி குழாயிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசர் (குழாயை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள்) சிபியு பிளாக்கின், அதாவது ப்ராசஸர் மேல் தண்ணீர் ஓடும் உலோகக் கட்டையின், மெல்லிய துடுப்புகளில் வெள்ளையாகப் படியும். பிளாக்கைப் பிரித்து, பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, குழாயை ஈபிடிஎம்முக்கு (ஒரு வகை ரப்பர்) மாற்றுங்கள்.