இ20 பெட்ரோலுக்கு அம்பாசிடர் கார்புரேட்டரில் என்னென்ன மாற்ற வேண்டும்?

எஸ்.யு. எச்.எஸ்.2 கார்புரேட்டர் உள்ள பழைய 1489 சி.சி. அம்பாசிடருக்குக் கடையில் விற்கும் ரிப்பேர் கிட், 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிட்டில் உள்ள ரப்பர் எந்த வகை என்பதைப் பொறுத்தது அது. பித்தளைச் சாமான்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

முதலில் கவனிக்க வேண்டியது ஜெட்டுக்கு, அதாவது பெட்ரோல் காற்றோடு கலக்க வெளிவரும் சிறு துளைக்குழலுக்கு, பெட்ரோல் கொண்டுவரும் நைலான் குழாய். அதன் நுனி ஒரு சின்ன ரப்பர் வாஷரோடு ஃப்ளோட் சேம்பரின் (கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) அடியில் நுழைகிறது. வாஷர் சாதாரண நைட்ரைல் ரப்பராக இருந்தால் எத்தனால் கலவையில் ஊறி உப்பும். வண்டி பல நாள் நின்று உள்ளே காய்ந்ததும் சுருங்கி இறுகிவிடும். அடுத்த முறை பெட்ரோல் ஏறும்போது அங்கேதான் சொட்டும். இந்த இன்ஜினில் கார்புரேட்டருக்குக் கீழேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருப்பதால் அந்தச் சொட்டு தீப்பிடிக்கப் போதும். எனவே இந்த வாஷர், ஃப்ளோட் சேம்பருக்குள் பெட்ரோல் வருவதைத் திறந்து மூடும் நீடில் வால்வின் முனை இரண்டும் கட்டாயம் வைட்டானாக (எத்தனாலைத் தாங்கும் ஃப்ளூரின் ரப்பர்) இருக்கட்டும். நைலான் குழாய் விறைத்திருந்தால் ஜெட்டோடு சேர்த்துப் புதிதாகப் போடுங்கள். மெக்கானிக்கல் பம்ப் இருந்தால் அதன் டயஃப்ரமும் (உள்ளே அசைந்து பெட்ரோலைத் தள்ளும் ரப்பர் சவ்வு) எத்தனால் தாங்கும் வகையாக வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கருப்பு, பழுப்பு, பச்சை என்று நிறத்தை வைத்து வைட்டானை அடையாளம் காண முடியாது. எடை காட்டிக்கொடுக்கும். நைட்ரைல் ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 1.2 கிராம், வைட்டான் சுமார் 1.8 கிராம். ஒரே அளவுள்ள இரண்டு வாஷர்களை நகைத் தராசில் வைத்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் வெர்னியரில் அளந்து, மூடிய கண்ணாடிப் புட்டியில் பங்க் பெட்ரோலில் மூன்று நாள் ஊறவைத்து மறுபடி அளங்கள். கண்ணுக்கே தெரிகிற அளவு பருத்திருந்தால் அதைப் போடாதீர்கள்.

ஹோஸ் வாங்கும்போது மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பெட்ரோல் ஹோஸுக்கான தரக்குறியீடான எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்றிருந்தால் நல்லது. ஆர்6, ஆர்7 பழைய பெட்ரோலுக்குச் சரி, இதற்கு வேண்டாம். பேக்கிங்குக்குச் சாதாரண சிலிகான் பசை தடவக் கூடாது. பெட்ரோலில் ஊறி உப்பிப் பிய்ந்து ஜெட்டை அடைக்கும்.

கழுவும்போது ஒரு எச்சரிக்கை. வைட்டான் பெட்ரோலைத் தாங்கும், அசிட்டோனைத் தாங்காது. பட்டறைகளில் கார்புரேட்டரை ஊறவைக்கும் நைட்ரோ தின்னரிலும் அசிட்டோன் இருக்கலாம். ரப்பர் சாமான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உலோகத்தை மட்டும் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் பூட்டுங்கள்.

பூட்டியதும் காற்று-பெட்ரோல் கலவை ஒல்லியாகவே (காற்றுக்குப் பெட்ரோல் போதாமல்) இருக்கும், ஏனென்றால் எத்தனாலில் ஏற்கெனவே ஆக்ஸிஜன் உண்டு. ஜெட்டின் அடியிலுள்ள நட்டை அதன் ஆறு பக்கங்களில் இரண்டு மூன்று பக்க அளவு திருப்பிக் கீழே இறக்கி, இன்ஜின் சூடாக ஓடும்போது கார்புரேட்டருக்குள் உள்ள பிஸ்டனை ஒரு மி.மீ. தூக்கிப் பாருங்கள். வேகம் சற்று ஏறி உடனே அடங்கினால் சரி, தடுமாறி நின்றால் இன்னும் இறக்க வேண்டும். நட்டு ஐடிலைத்தான் முக்கியமாகச் சரிசெய்யும். நெடுஞ்சாலை வேகத்தில் இழுவை குறைந்தால் பிஸ்டனில் மாட்டியிருக்கும் நீடிலுக்குப் பதிலாக ஒரு படி ரிச்சான (பெட்ரோலைக் கூடுதலாக விடும்) நீடில் தேவை.

எத்தனால் பழைய டேங்கில் படிந்திருக்கும் பிசினைக் கரைத்துக் கொண்டுவரும். முதல் இரண்டு டேங்க் ஓடி முடிந்ததும் ஃபில்டரை மாற்றிவிடுங்கள்.