அம்மாவின் ஈ.பி.எஃப் காசில் கை வைக்காதே, தங்கச்சி

தலவாக்கலையிலிருந்து கேட்டிருக்கிறாய்: ஹட்டன் ஏஜென்ட் ஒருவன் இங்கிலாந்துக்கு கேர் விசா, அதாவது முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்கான விசா, எடுத்துத் தருகிறானாம், அம்மாவின் ஈ.பி.எஃப் காசை (ஊழியர் சேமலாப நிதியை) அவனிடம் கட்டலாமா, குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்று.

குளிரும் சாப்பாடும் நுவரெலியாப் பிள்ளைக்குப் பழகிவிடும். காசை மட்டும் கட்டாதே. கேர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22ஆம் திகதியோடு நிறுத்திவிட்டார்கள். இன்னும் எடுத்துத் தருகிறேன் என்பவன் பொய் சொல்கிறான்.

பிரெக்சிட்டுக்குப் பிறகு ஐரோப்பாக்காரர் வரத்துக் குறைந்து, முதியவர்களைக் குளிப்பாட்டி விடக்கூட ஆளில்லாமல் போனதால்தான் 2022 பெப்ரவரியில் இந்த விசாவைத் திறந்தார்கள். நம்ம நாடு வங்குரோத்தான வருஷமும் அதுதான். நகையை அடகு வைத்து எத்தனை பேர் ஓடிவந்தார்கள்! பிறகு வந்தவர்களின் எண்ணிக்கையே அரசியலாகிவிட்டது. 2024 மார்ச்சில், புருஷன் பிள்ளைகளைக் கூட்டிவர முடியாது என்றார்கள். அடுத்து வந்த லேபர் அரசாங்கம் ஒரேயடியாக மூடியது. சம்பளத்தைக் கூட்டினால் உள்ளூர்க்காரரே வருவார்கள். ஆனால் முதியோர் இல்லங்களில் பெரும்பாலானவை தனியார் கையில், அவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டிய உள்ளூராட்சிக் கவுன்சில்களிடம் காசில்லை. நம்ம தோட்டங்களை 1992இல் கம்பெனிகளிடம் கொடுத்தபிறகு நடந்ததைப் பார்த்தவளுக்கு இது விளங்கும்.

நான் 2010இல் படிக்க வந்தேன். கொஞ்ச நாளில் காலேஜின் லைசன்சை ரத்துச் செய்தார்கள். 60 நாளுக்குள் வேறு இடம் தேடு, இல்லாவிட்டால் ஊருக்குப் போ என்று கடிதம் வந்தது. இன்றைக்கும் ஸ்பொன்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பான முதலாளி, லைசன்சை இழந்தால் கேர் பிள்ளைகளுக்கு அதே 60 நாள்தான். லண்டன் ஈஸ்ட்ஹாமில் அறை தேடியபோது "தோட்டக்காட்டுப் பிள்ளையா?" என்று கேட்டவர்களும் தமிழர்தான். இப்போது ஸ்பொன்சர் கடிதத்தைக் காசுக்கு விற்பவர்களிலும் நம்ம ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை என்னால் மன்னிக்க முடியாது.

வீடு வீடாகப் போகும் கேர் வேலையில், 15 நிமிஷத்துக்குள் ஒரு கிழவிக்கு உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்து, தேத்தண்ணியும் வைத்துவிட்டு ஓடுவேன். அடுத்த வீட்டுக்கு நடக்கிற நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. அதையும் தாண்டித்தான் இன்று புதுப் பிள்ளைகளுக்கு வேலை பழக்குகிறேன்.

தோட்டத்தில் மாசாமாசம் பென்சன் கிடையாது என்பது உனக்கே தெரியும். வேலையை விட்டு ஓய்வு பெற்று, பேர் வெட்டும்போது ஒரு தடவை கைக்கு வருகிற அந்தக் காசுதான். அப்பா படுக்கையில் விழுந்தபோது விசாச் சிக்கலில் என்னால் போக முடியவில்லை. அவருடைய ஈ.பி.எஃப் காசு அப்படியே இருந்ததால்தான் பக்கத்து லயத்து அக்காவுக்கு மாசம் இவ்வளவு என்று கொடுத்து, கடைசிவரை அவரைப் பார்க்க வைத்தோம்.