அம்மாவை முதல் இரண்டு முறை தனியாக அனுப்பாதீர்கள்

சிங்கப்பூர் ஈசூனில் உங்களோடு இருக்கும் 68 வயது அம்மா, புளோக்குக் கீழே உள்ள துடிப்பாக மூப்படைதல் நிலையத்துக்கு (மூத்தோர் கூடிப் பேசி, உடற்பயிற்சி, விளையாட்டு என்று பொழுதைக் கழிக்கும் இடம்) ஒருநாள் போய்விட்டு, "எல்லாரும் சீனம் பேசுறாங்க, இனி போகமாட்டேன்" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். என் மாமியாரும் அப்படித்தான் சொன்னார்.

அதிகம் பேசத் தேவையில்லாத நடவடிக்கையில் தொடங்குங்கள். நாற்காலி உடற்பயிற்சி சரி, எண் கட்டைகளை அடுக்கி விளையாடும் ரம்மிகப் இன்னும் நல்லது. எண்களும் நிறங்களும் தெரிந்தால் போதும். இரண்டாவது வாரம் பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி, மாமியாரின் கட்டை ஒன்றை விரலால் தொட்டு, வைக்கவேண்டிய இடத்தைக் காட்டினார். அன்றோடு பயம் போய்விட்டது. முதல் இரண்டு முறை நீங்களும் கூடவே உட்காருங்கள்.

அப்புறம், தமிழில் பேச ஆள் வேண்டுமே. வட்டாரச் சமூக மன்றத்தில், இந்தியர்களுக்கான நிகழ்ச்சிகளை நடத்தும் இந்திய நற்பணிச் செயற்குழுவைப் பற்றி விசாரியுங்கள். அம்மாவுக்குக் கோலம் போட வருமென்றால் அதைக் குழுவினரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.