எண்டுகேம் டேபிள்பேஸைச் சமச்சீரால் சுருக்குவது: கேள்வி பதில்

கேள்வி: பலகையைத் திருப்பிப் பார்த்தால் டேபிள்பேஸ் (சில காய்களே மிஞ்சிய சதுரங்க நிலைகள் எல்லாவற்றுக்கும் முடிவைக் கணித்து வைத்த அட்டவணை) எட்டில் ஒரு பங்காகிவிடுமா?

பதில்: சிப்பாய் இல்லையென்றால் கிட்டத்தட்ட ஆகும். இடவலம், மேல்கீழ், மூலைவிட்டம் என்று திருப்பினால் ஒரே நிலைக்கு எட்டுத் தோற்றங்கள். ஆகவே வெள்ளை ராஜாவை ஏ1-டி1-டி4 முக்கோணத்தின் 10 கட்டங்களுக்குள் கொண்டுவந்துவிடலாம். ஒட்டி நிற்காத ராஜா ஜோடிகள் மொத்தம் 3612. அவற்றில் 462 போதும்.

கேள்வி: 3612-ஐ எட்டால் வகுத்தால் 451.5 தானே?

பதில்: வித்தியாசம் மூலைவிட்டத்தில் இருக்கிறது. இரண்டு ராஜாவும் ஏ1-எச்8 கோட்டிலேயே நின்றால் அந்தத் திருப்பலில் ஜோடி மாறாது. எட்டுக்குப் பதில் நான்கு தோற்றங்கள்தான். அப்படிப்பட்டவை 21, மற்றவை 441. 441×8 + 21×4 = 3612. கணினி நிரல் எழுதும்போது பிழைகள் இந்த 21-இல் எளிதாக ஒளிந்துகொள்ளும்.

கேள்வி: ஓர் உதாரணம் தர முடியுமா?

பதில்: கட்டங்களை வரிசை வரிசையாக ஏ1-ஐ 0, பி1-ஐ 1 என்று தொடங்கி எச்8-ஐ 63 என்று எண்ணுங்கள். வெள்ளை ராஜா எஃப்6, ராணி ஜி3, கருப்பு ராஜா எச்8. ராஜா வலப்பாதியில் இருப்பதால் எல்லாக் கட்ட எண்களையும் 7-உடன் எக்ஸார் (இரும எண்களில் வேறுபடும் இலக்கங்களை மட்டும் 1 ஆக்கும் கணக்கு) செய்கிறோம்; இது இடவலத் திருப்பல். மேல்பாதியில் இருப்பதால் 56-உடனும்; இது மேல்கீழ்த் திருப்பல். கிடைப்பது சி3, பி6, ஏ1. ராஜாக்கள் இரண்டும் மூலைவிட்டத்தில்! இங்கேயே நிறுத்திவிட்டால் ஒரே நிலை இரண்டு இடங்களில் பதிவாகும். அடுத்த காயான ராணி கோட்டுக்கு மேலே இருப்பதால் கிடைவரிசையையும் நெடுவரிசையையும் இடம் மாற்ற வேண்டும்: பி6 எஃப்2 ஆகும்.

இந்த நிலையில் ராணி பி2 போனால் மேட். அதை நிஜப் பலகைக்குத் திருப்பினால் ஜி7. மூலைவிட்டத் திருப்பலை மறந்தால் ராணி புறப்படும் கட்டம் சி7 என்று வரும். அங்கே ராணியே இல்லை. செய்த திருப்பல்களைக் கடைசியிலிருந்து அவிழ்க்க வேண்டும். இடவலம், மேல்கீழ் இரண்டும் செய்திருந்தால் மூலைவிட்டத்தை முன்பின் மாற்றி அவிழ்த்தாலும் விடை சரியாகவே வரும். ஒன்று மட்டும் செய்திருந்தால்தான் விடை தப்பாகும். ஆகவே எட்டுத் தோற்றங்களையும் தனித்தனியே சோதியுங்கள்.

கேள்வி: சிப்பாய் இருந்தால்?

பதில்: இடவலம் மட்டுமே மிஞ்சும். 1806 ஜோடிகள். ஆன் பாசான் (இரண்டு கட்டம் நகர்ந்த சிப்பாயை அடுத்த நகர்விலேயே பக்கத்துச் சிப்பாய் வெட்டும் விதி) கட்டத்தையும் சேர்த்துத் திருப்ப மறக்காதீர்கள். கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது) உரிமை இருந்தால் இடவலமும் செல்லாது. டேபிள்பேஸ்கள் வழக்கமாக அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

கேள்வி: நிறத்தை மாற்றியும் சுருக்கலாமா?

பதில்: கட்டாயம். ராணிக்கு எதிராக யானை என்ற அட்டவணை ஒன்றே இரு நிறத்துக்கும் போதும். சிப்பாய் இருந்தால் மேல்கீழாகவும் கவிழ்க்க வேண்டும். யார் முறை என்பதையும் மாற்றாவிட்டால் வெற்றி தோல்வியாகத் தெரியும்.

கேள்வி: ஒரே நிறத்தில் இரண்டு யானை இருந்தால்?

பதில்: 4096-க்குப் பதில் 2016 இணைகள். ஆனால் கட்ட எண்களை ஏறுவரிசைப்படுத்துவது எல்லாத் திருப்பலும் முடிந்த பிறகுதான். ராஜாக்கள் மூலைவிட்டத்தில் இருக்கும்போது ‘அடுத்த காய்’ எந்த யானை என்பதே குழப்பமாகும். இரு விதமாகவும் குறியீட்டெண்ணை (அட்டவணையில் நிலையின் இடத்தைச் சொல்லும் எண்) கணக்கிட்டுச் சிறியதை எடுங்கள்.