உழுத நிலத்தில் ஓர் ஊர்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

இங்கிலாந்தின் பழைய சந்தை நகரங்கள் தாமாக வளர்ந்தவை என்றுதான் நினைத்திருந்தேன். நாலு கிராமத்தார் கூடுகிற இடத்தில் கடை வரும், கடையைச் சுற்றி ஊர் வரும். நீங்களோ பரி செயின்ட் எட்மண்ட்ஸை ‘மடம் போட்ட ஊர்’ என்கிறீர்கள். மடத்தால் ஓர் ஊரை உண்டாக்க முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தானாக வளர்ந்த ஊர்களும் உண்டு. பரி அப்படிப்பட்டதல்ல. 869இல் டேனியர் கொன்ற மன்னர் எட்மண்டின் உடலைப் பிற்பாடு அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 1020இல், கனூட் மன்னர் காலத்தில், பெனடிக்ட் சபைத் துறவிகள் வந்து சேர்ந்தார்கள். ஊரைப் போட்டவர் பால்ட்வின் என்ற மடாதிபதி. பிரான்சிலிருந்து வந்த மருத்துவர். மடத்தின் எதிரே நேர்த்தெருக்களாக மனை பிரித்தார். எட்வர்ட் மன்னர் காலத்தில் ஏர் ஓடிய நிலத்தில் இப்போது 342 வீடுகள் என்கிறது 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கேடு. ரொட்டி சுடுபவர், பீர் காய்ச்சுபவர், தையற்காரர், சலவைக்காரிகள் என 75 பேர் தினமும் மடத்துக்கு ஊழியம் செய்ததையும் அது குறித்திருக்கிறது.

சந்தை கூட்டுவது அன்று ஓர் உரிமை. சுங்கம் வரும் சொத்து. ஜான் மன்னரிடம் சாசனம் வாங்கி, ஈலி என்ற இன்னொரு மடத்தின் துறவிகள் பரிக்குப் பக்கத்து லேக்கன்ஹீத்தில் புதுச்சந்தை தொடங்கினார்கள். பரியின் மடாதிபதி சாம்சன் வழக்காடிப் பார்த்தார். அப்புறம் இரவோடு இரவாக ஏறக்குறைய 600 பேரை ஆயுதங்களோடு அனுப்பிக் கடைகளைப் பிரித்துப்போட்டார், மாடுகளையும் ஓட்டிவரச் செய்தார். அதே மடத்துத் துறவி ஜோசலின் தன் நாளாகமத்தில் இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.

எனக்கு அதில் இன்னும் பிடித்தது அறுவடைக் காசு விவகாரம். மடத்துக்கு ஊரார் கட்ட வேண்டிய வரி அது, வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு பென்னி. வசதியானவர்கள் எப்படியோ தப்பிவிட, கொடுக்க வழியில்லாத ஏழைகள் வீட்டில் மடத்து ஆட்கள் முக்காலியையும் கதவையும் தூக்கிப் போனார்கள். கிழவிகள் நூல் நூற்கும் கழியோடு வெளியே வந்து வைது விரட்டினார்கள். கடைசியில் ஊருக்கு மொத்தமாக ஆண்டுக்கு 20 ஷில்லிங் என்று பேசி முடித்தார்கள்.

பகை அதோடு தீரவில்லை. 1327இல் ஊரார் மடத்துக்குள் புகுந்து சாசனங்களை அள்ளிக்கொண்டு போனார்கள், வாயிலையும் இடித்தார்கள். அதற்குப் பதிலாக எழுப்பிய வாயில் இன்றும் நிற்கிறது. போனால் அதன் அம்புத் துளைகளைப் பாருங்கள். எட்டாம் ஹென்றி 1539இல் மடத்தையே கலைத்தார். அப்போதும் ஊருக்குச் சுயாட்சி வந்துவிடவில்லை. அந்தச் சாசனம் கிடைத்தது 1606இல்.